லயத்துக்குள் நுழையும் தடியன்

வாங்க பேட்டரித் தொரை, வாங்க! ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு வீட்டுக்குப் போகாம நேரா ஒட்டுக்கடைக்கு வந்திருக்கீங்கன்னா நாட்டுக்கு ஏதோ அவசரச் செய்தி இருக்கும். என்னா சொன்னே? லித்தியத்துக்கு முடிவு காலம் வந்துடுச்சா? இனிமே எல்லாம் பொட்டாசியம்தானா? அதைச் சொல்ற ஆளைப் பாரு. விடிய விடிய லித்தியம் பேட்டரி செஞ்ச கை இன்னும் காயலை, அதுக்குள்ள லித்தியத்துக்குப் பாடை கட்டுறான் பயல். சம்பளம் கொடுக்கிற சாமிக்கே கருமாதி! உக்காரு. தே வரட்டும், பேசுவோம்.

நான் மூணாங் கிளாஸுக்கு மேல படிக்காதவன்னு உனக்குத் தெரியும். ஆனா ரசாயனம் படிக்கிற பேத்தி ஒருத்தி வீட்டுல இருக்கா. பரீட்சை வந்தா பாடம் பூராவும் எங்கிட்டதான் ஒப்பிப்பா. நடுவுல தூங்காம கேக்குற ஒரே மனுஷன் நான்தானாம். அதுக்காக எனக்கு எல்லாம் புரிஞ்சுதுன்னு நினைச்சுக்காதே. புரியாத இடத்துல தலையாட்டுறது தோட்டத்துக் கிராணி கிட்ட கத்துக்கிட்ட வித்தை. புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல உன் ஃபாக்டரி கதையைக் கேளு. இந்தத் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டைப் பக்கம் எல்லாம் ஒரு காலத்துல பால் மரம். தொண்ணூறுகள் தொடங்குறப்போ சாம்சுங் அங்க வந்து எறங்குச்சு. எதுக்கு? பேட்டரிக்கு இல்லை, டிவிக்குப் படக்குழாய் செய்யறதுக்கு. உங்க சித்தப்பன் காலத்துப் பசங்க அப்போ இதே கடையில உக்காந்து, "உலகம் இருக்கிறவரைக்கும் டிவி இருக்கும், எங்க வேலைக்குச் சாவே இல்லை"ன்னு மார் தட்டுனானுங்க. டிவி இருக்கத்தான் செய்யுது, குழாயைக் காணோம். 2012-ல அந்த ஆலை பேட்டரி செய்ய மாறிக்கிச்சு. 2022 ஜூலையில ரெண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 2025 வரைக்கும் 1.7 டிரில்லியன் கொரிய வோன் போடுறதாச் சொன்னாங்க. 21 மில்லிமீட்டர் குறுக்களவு, 70 மில்லிமீட்டர் உயரம், உருண்டைக் குப்பி. துளை போடுற மெஷின்லேருந்து மின்சாரக் கார் வரைக்கும் போகுது. நான் சொல்லித் தெரியணுமா, நீதானே ராத்திரி பூரா அதோட குடித்தனம் பண்றே.

அதனால ஒரு சாமான் போய் இன்னொரு சாமான் வரும்னு நீ சொன்னா நான் மறுக்க மாட்டேன். அதே கொட்டகைக்குள்ள நடந்ததைக் கண்ணால பார்த்தவன் நான். ஆனா "நாளைக்கே வருது"ன்னு சொல்றே பாரு, அங்கதான் சிரிப்பு வருது.

பொட்டாசியத்தை என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எங்கிட்ட விளக்குறியே, உங்க பாட்டியைக் கேட்டியா? செம்பனைக்கு மாறுன பிறகு எங்க தோட்டத்துப் பொம்பளைங்க வருஷக்கணக்கா அதை இடுப்புலதான் தூக்குனாங்க. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், செங்கல் நிறத்து உப்பு. பொட்டாஷ் கணக்குல நூத்துக்கு 60 பங்கு சத்து. பிரட்டுல பேர் கொடுத்துட்டு, பாத்திரத்தைத் துணியால இடுப்புல கட்டிக்கிட்டு, மரத்தைச் சுத்தி வட்டமா வீசிக்கிட்டே போவாங்க. ஒரு மரத்துக்கு வருஷத்துல ரெண்டு மூணு கிலோ. கையில முள்ளுக் கீறல் இருந்தா அந்த உப்பு பட்டு உயிர் போகும். செம்பனை மத்த எந்தச் சத்தையும் விட அதிகமா இழுக்கிறது பொட்டாசியத்தைத்தான். குலை வெட்ட வெட்ட மண்ணுல இருக்கிறது குலையோட போயிடும், திரும்பக் கொட்டணும். ஆலையில பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சுற வெறுங்குலையை அப்போ சூளையில போட்டு எரிப்பாங்க. அந்தச் சாம்பல்ல முப்பது நாப்பது விழுக்காடு பொட்டாஷ். அதையும் அள்ளிக்கிட்டு வந்து மரத்தடியில கொட்டுவோம். புகை தாங்கலைன்னு பிறகு எரிக்கிறதை விட்டுட்டு வெறுங்குலையையே பரப்ப ஆரம்பிச்சாங்க. ஆகப் பொட்டாசியம் எங்களுக்குப் பழைய கூட்டாளி. அது பேட்டரிக்குள்ள போகும்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மண்டோர் மூட்டைக்கு மூட்டை பூட்டுப் போட்டிருப்பாரு.

இன்னொரு சேதி. அந்தப் பொட்டாசியம் பிறந்ததே பேட்டரியாலதான். 1807-ல லண்டன்ல ஹம்ப்ரி டேவின்னு ஒருத்தரு உருகின பொட்டாஷுக்குள்ள பேட்டரிக் கரண்டை விட்டாரு. வெள்ளி நிறத்துல குண்டு குண்டா ஒரு உலோகம் வந்து, ஊதா நிறத்துல எரிஞ்சுதாம். மனுஷன் சந்தோஷத்துல அறையைச் சுத்தி ஆடுனாருன்னு அவரோட சொந்தக்காரரே எழுதி வச்சிருக்காரு. லித்தியம் அதுக்குப் பத்து வருஷம் பிந்தி, 1817-ல சுவீடன் நாட்டுக் கல்லு ஒண்ணுக்குள்ளேருந்து அடையாளம் தெரிஞ்சுது. அப்போ பொட்டாசியம்தான் அண்ணன். தம்பி எப்படி முந்திக்கிட்டான்?

ஒல்லியா இருந்ததால. அவ்வளவுதான். லித்தியத்தோட அணு எடை 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. மூணும் ஒரே குடும்பம். ஒவ்வொண்ணும் ஒரு எலக்ட்ரானைத்தான் விட்டுக் கொடுக்கும். அதே ஒரு எலக்ட்ரான் வேலைக்கு ஒருத்தன் 7 கிலோ ஒடம்போட வர்றான், இன்னொருத்தன் 39 கிலோவோட வர்றான்னா, கைப்பேசிக்காரன் யாரைக் கூப்பிடுவான்? 1991-ல சோனி கம்பெனி லித்தியம் அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டாந்தப்போ கையில தூக்கிட்டுப் போற சாமானுக்குத்தான் அது வேண்டியிருந்துச்சு. எடைதான் ராஜா.

ஆனா தடியன் பொட்டாசியம் கிட்டயும் ஒரு சாமர்த்தியம் இருக்கு. சோடியத்தை விட அவனோட மின்னழுத்தம் லித்தியத்துக்குக் கிட்ட. லித்தியம் மைனஸ் 3.04 வோல்ட், பொட்டாசியம் மைனஸ் 2.93, சோடியம் மைனஸ் 2.71. மைனஸ் பெருசா இருக்க இருக்க நல்லதாம். கடன் பெருசா இருந்தா மரியாதை பெருசுன்னு நம்ம ஊர்ல சில பேர் இருக்காங்களே, அந்தக் கணக்கு.

இப்போ லயத்துக்கு வருவோம். நீ லயத்துல பிறந்தவன் இல்லை, தாமான் வீட்டுப் பையன். கேட்டுக்க. பேட்டரியில ஒரு பக்கம் கிராஃபைட் இருக்குல்ல, பென்சில் கரி? அது அடுக்கு அடுக்கா இருக்கும். அதை நம்ம பழைய லயம்னு வச்சுக்க. வரிசையா வீடு, நடுவுல ஒடுக்கமான சந்து. சார்ஜ் ஏத்தறப்போ அயனி எல்லாம் இந்த லயத்துக்குள்ள போய்க் குடியேறும், பேட்டரியைப் பயன்படுத்தறப்போ வெளியேறிப் போகும். லித்தியம் ஒல்லிப் பையன். ஆறு கரி அணுவுக்கு ஒருத்தன்னு நெருக்கிக்கிட்டுப் படுத்துக்குவான். பொட்டாசியத்துக்கு எட்டு கரி வேணும். அதனால ஒரு கிராம் கிராஃபைட்டுல லித்தியம் 372 மில்லி ஆம்பியர் மணி நேரம் கொடுக்கும், பொட்டாசியம் 279-தான். சோடியம் இருக்கானே, நடுப் பிள்ளை, அவன் இந்த லயத்துப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்குறான். உடம்பு நடுத்தரமா இருந்தும் கிராஃபைட்டோட ஒத்துப் போறதில்லை. அவனுக்குன்னு வேற மாதிரி கரி, ஒழுங்கில்லாத கெட்டிக் கரியில தனி வீடு கட்ட வேண்டியதாப் போச்சு. அவனை விட உருவத்துல பெரிய பொட்டாசியம் நுழையும்னு யாரும் பெருசா நம்பலை. 2015-ல அமெரிக்காவுல ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல சியூலேய் ஜி கூட்டமும், ஜப்பான்ல தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்துல கொமாபா கூட்டமும் சாதாரண அறைச் சூட்டுலேயே அவனை உள்ளே ஏத்தி, வெளியே இறக்கிக் காட்டுனாங்க. அன்னிக்குத்தான் தடியனுக்கு மவுசு.

சரி, நுழைஞ்சுட்டான். சுவரு? லித்தியம் குடியேறுனா லயம் பத்து விழுக்காடு அகலும். தடியன் குடியேறுனா அறுபது விழுக்காடு! தினம் காலையில உள்ள, சாயங்காலம் வெளிய. இப்படி ஆயிரம் தடவை போய் வந்தா எந்தத் தொரை கட்டுன லயம் தாங்கும்? கரியில விரிசல் விடும், அது மேல படிஞ்ச பாதுகாப்புத் தோல் பிஞ்சு பிஞ்சு புதுசா வளரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொட்டாசியத்தைத் தின்னும். பொட்டாசியம் பேட்டரிக்காரன் தலையில கை வச்சிருக்கிறது இதுக்குத்தான். நீ பார்த்த வீடியோவுல இதைச் சொன்னானா? சொல்ல மாட்டான். பின்னால பாட்டுப் போட்டிருப்பான்.

ஆனா ரோட்டுல ஓடச் சொன்னா தடியன்தான் முந்துவான். ஒல்லிப் பையன் கரைசல்ல போறப்போ சுத்தி ஒரு கும்பலையே இழுத்துக்கிட்டுப் போவான். அவன் மேல மின்னூட்டம் அடர்த்தியா இருக்கிறதால கரைசல் மூலக்கூறு எல்லாம் அவனைக் கட்டிப் பிடிச்சுக்கும். பொட்டாசியத்தை அவ்வளவு பேர் பிடிக்கிறதில்லை, விசுக்குன்னு போயிடுவான். வேகமா சார்ஜ் ஏத்தலாம்னு சொல்றாங்களே, அந்த நம்பிக்கை இங்கேருந்து வந்ததுதான். இன்னொண்ணு, லித்தியம் அலுமினியத்தோட சேர்ந்து கலந்து போயிடும்கிறதால கிராஃபைட் பக்கம் செம்புத் தகடுதான் போடணும். பொட்டாசியம் அப்படிச் சேராது. ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு போதும். செம்பு விலை உனக்குத் தெரியும். ரயில் பாதையோரம் கேபிள் திருடுறவனுக்கு இன்னும் நல்லாத் தெரியும்.

இதுவரைக்கும் பேசினது லயம். அயனி வேலைக்குப் போற இடம் ஒண்ணு வேணாமா, எதிர்ப் பக்கம்? அங்கதான் எனக்குப் பிடிச்ச கதை. பிரஷ்யன் நீலம்னு ஒரு சாயம், முந்நூறு வருஷத்துக்கு முந்தி பெர்லின்ல தற்செயலாக் கிடைச்சது. சில தேசத்துல வெள்ளைத் துணிக்குப் போடுற நீலத்துலயும் அது உண்டு. அந்தச் சாயத்தோட உள்கட்டு பெரிய பெரிய சன்னல் வச்சது. தடியன் தாராளமாப் போய் வரலாம். 2004-லேயே அலி எஃப்தெகாரிங்கிறவரு பிரஷ்யன் நீலத்தை வச்சுப் பொட்டாசியம் பேட்டரி ஒண்ணைச் செஞ்சு, 500 தடவைக்கு மேல ஏத்தி இறக்கிக் காட்டியிருக்காரு. யாரும் திரும்பிப் பார்க்கலை. லித்தியம் மலிவா இருந்த காலம். அந்தச் சாயத்துல சயனைடு இருக்குன்னு கேட்டதும் உன் மூஞ்சி ஏன் வெளுக்குது? இரும்போட இறுக்கிக் கட்டிப் போட்ட சயனைடு அது. தாலியம் விஷம் குடிச்சவனுக்கு அதையே மருந்தாக் கொடுக்கிறாங்க. கொளுத்தினாத்தான் வம்பு.

2017-ல அமெரிக்காவுல டெக்சஸ் பல்கலைக்கழகத்துல இதே சாயத்தோட குடும்பத்துல, மாங்கனீசு சேர்த்து, பொட்டாசியத்துக்குன்னு ஒரு சரக்கை உருவாக்கி ஆய்விதழ்ல போட்டாங்க. போட்டவங்கள்ல ஒருத்தரு ஜான் குட்இனஃப். அப்போ அவருக்கு வயசு 94. லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட கிழவன், 94 வயசுல பொட்டாசியத்தை நோண்டிக்கிட்டு இருந்திருக்காரு! அடுத்த தடவை என்னை "உங்களுக்கு எதுக்குத் தாத்தா இதெல்லாம்"னு கேட்டா உதை விழும். 2019-ல 97 வயசுல அவருக்கு நோபல் கிடைச்சுது, ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ரெண்டு பேரோட சேர்த்து. ஸ்டாக்ஹோம் மேடையில கிழவனுக்குப் பதிலா நோபல் உரை படிச்சது யாரு தெரியுமா? நம்ம ஆளு. தென் தமிழ்நாட்டு அமராபுரத்துல பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்துல படிச்ச ஆறுமுகம் மந்திரம். குட்இனஃப்போட ஆக்ஸ்ஃபோர்டுலேருந்து டெக்சஸ் வரைக்கும் போய், இரும்பு மாதிரி மலிவான சரக்குலயும் லித்தியத்தை ஓட்டலாம்கிறதுக்கு எண்பதுகள்லேயே வழி காட்டுனவரு. சினிமாக்காரன் பிறந்த நாளுக்கு நம்ம ஆளுங்க கேக் வெட்டுறாங்க, இவரு பேரைச் சொன்னா "எந்த வார்டு கவுன்சிலரு"ன்னு கேக்குறாங்க.

அந்த டெக்சஸ் சரக்கை எடுத்துக்கிட்டு ஆஸ்டின் ஊர்ல குரூப்1-னு ஒரு கம்பெனி கிளம்புச்சு. 2024-ல பொட்டாசியம் அயனிக் குப்பி ஒண்ணைக் காட்டுனாங்க. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். கிலோவுக்கு 160-லேருந்து 180 வாட் மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்லுது. நீ செய்யுறது மாதிரி நிக்கல் சரக்கு லித்தியம் குப்பி கிலோவுக்கு 250 வரைக்கும் போகும். ஆக அந்தப் புதுக் குப்பி லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுங்கிற இன்னொரு வகை பேட்டரி பக்கத்துல வந்து நிக்குது, உன் குப்பி பக்கத்துல இல்லை. அவங்க அந்த 18-க்கு 65 அளவுல குப்பியைக் காட்டினதுக்குக் காரணம் உண்டு. பூசுறது, அமுக்குறது, சுருட்டுறது, கரைசல் ஊத்துறது, முதல் சார்ஜ் ஏத்துறது, இதெல்லாம் லித்தியத்துக்கு இருக்கிற அதே மெஷின்ல ஓடும், புது ஃபாக்டரி வேணாம்னு காட்டத்தான். கவனி, உனக்கு வேண்டியது இந்த வரியிலதான் இருக்கு. பின்னால சொல்றேன்.

"லித்தியம் பூமியில கொஞ்சம், பொட்டாசியம் கொட்டிக் கிடக்கு"ன்னு சொன்னியே, அதுக்கு வர்றேன். உண்மைதான். பூமி மேலோட்டுல நூத்துக்கு ரெண்டு பங்குக்கு மேல பொட்டாசியம். லித்தியம் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். உலகத்துல வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல பொட்டாஷ் எடுக்கிறாங்க. லித்தியம் ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல, அவ்வளவுதான். பேட்டரிக்காரன் எவ்வளவு எடுத்தாலும் செம்பனை பட்டினி கிடக்காது, கவலைப்படாதே. ஆனா கொட்டிக் கிடக்கிறது உன் வாசல்லயா? கனடாவுல சாஸ்காட்சுவான், ரஷ்யா, பெலாருஸ். பெரிய சாவி இந்த மூணு பேர் இடுப்புல. மலேசியாவுக்கு வர்ற பொட்டாஷ் கப்பல்லதான் வருது. 2022-ல உக்ரைன் சண்டை வந்து, பெலாருஸ் மேல தடை விழுந்து, உர விலை எகிறுச்சே, ரந்தாவ் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரன் மூட்டையைத் தொடவே பயந்தானே, மறந்துட்டியா? நீ அப்போ கைப்பேசி விளையாட்டுல இருந்திருப்பே.

சிலி நாட்டுல அட்டகாமா உப்புத்தரையில இன்னும் வேடிக்கை. எஸ்க்யூஎம் கம்பெனி அங்க உப்புத் தண்ணியை இறைச்சு வெயில்ல காய வைக்கும். அதுல பொட்டாசியம் உப்பு லித்தியத்துக்கு முந்தியே படியும், அதை உரத்துக்கு விப்பாங்க. லித்தியம் கடைசி வரைக்கும் தண்ணியில நின்னு பிறகு வரும். அண்ணனும் தம்பியும் ஒரே குட்டையில குளிக்கிறானுங்க. முதலாளியும் ஒருத்தன்தான்!

இதுல பொட்டாசியத்துக்குப் பெரிய எதிரி யாருன்னா லித்தியத்தோட விலைதான். 2022 நவம்பர்ல சீனாவுல லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவான் கிட்டப் போச்சு. அப்போதான் ஊர் பூரா "மாத்து வேணும், மாத்து வேணும்"னு கத்துச்சு. 2023 முடியறப்போ அது 1 லட்சம் யுவான் பக்கத்துல வந்து விழுந்துச்சு. விலை விழுந்ததும் மாத்துக் கேட்டவன் தூங்கப் போயிட்டான். கொரியச் சண்டை சமயத்துல, 1950, 51-ல, ரப்பர் விலை ஏறினப்போ தோட்டத்துல வளையலும் சைக்கிளும் வாங்குனவங்க கதையை எங்க அப்பா சொல்வாரு. இறங்குனப்போ அதை அடகு வச்ச கதையை அம்மா சொல்வாங்க. அதே ரப்பருக்கு மாத்துன்னு ரெண்டாம் உலகப் போர்ல, மலாயா ஜப்பான்காரன் கையில இருந்தப்போ, அமெரிக்காக்காரன் செயற்கை ரப்பர் ஆலையை அள்ளிக் கட்டுனான். நம்ம ரப்பர் செத்துச்சா? இன்னிக்கும் ஆகாயக் கப்பல் டயருக்கு மரத்துப் பால்தான். வேலை பிரிஞ்சுக்கிச்சு, அவ்வளவுதான். லித்தியம், சோடியம், பொட்டாசியம் கதையும் அப்படித்தான் போகும்னு என் கணக்கு.

சோடியத்தை மறந்துட்டே பாரு. தடியனுக்கு முந்தி வரிசையில நிக்கிறவன் அவன். சீனாவுல சிஏடிஎல் 2021-லேயே சோடியம் அயனி பேட்டரியை மேடையேத்திடுச்சு. அவன் வண்டிக்கே போய்க்கிட்டு இருக்கான். கெட்டிக் கரி வீடு செலவுன்னாலும் கட்டிக் கொடுக்க ஆள் இருக்கு. பொட்டாசியம் இப்போதான் பேர் கொடுக்கப் பிரட்டுக் களத்துக்கு வந்திருக்கு. கூப்பிடுறதுக்கு முந்தியே கூலி கேட்டா எப்படி?

ஆபத்தையும் சொல்லிடுறேன். பொட்டாசிய உலோகம் 63.5 டிகிரியிலேயே உருகிடும், லித்தியத்துக்கு 180 டிகிரி வேணும். தண்ணி பட்டாப் பொட்டாசியம் எரிஞ்சு குதிக்கும். பேட்டரிக்குள்ள அது அயனியா இருக்கிறவரைக்கும் பயமில்லை. தாறுமாறா சார்ஜ் ஏத்தி, உலோகமாப் படிய விட்டா அப்போ தெரியும் சங்கதி. பிரஷ்யன் சாயம் வேற தனக்குள்ளயே தண்ணியை ஒளிச்சு வச்சுக்கும், அதை உலர்த்துறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். இந்தக் காத்துல ஈரம் இல்லாத அறை வச்சிருக்கீங்களே ஃபாக்டரியில, அதோட அருமை உனக்குத் தெரியும். பாதுகாப்பான பேட்டரின்னு எவனாவது மொட்டையாச் சொன்னா, எதோட ஒப்பிட்டுப் பாதுகாப்புன்னு கேளு.

அப்போ தடியனுக்கு எங்கதான் வேலை? நகராத இடத்துல. எடை யாரு தலையில ஏறாதோ அங்க. சோலார்க் கரண்டைப் பகல்ல பிடிச்சு ராத்திரிக்கு வச்சுக்கிற கொட்டகையில பேட்டரி பத்து டன் கூடுதலா இருந்தா தரை தாங்கிக்கும். நம்ம நாட்டுலயும் அந்தக் கொட்டகை வர ஆரம்பிச்சுடுச்சு. சரவாக்குல செஜிங்காட்ல 60 மெகாவாட். தீபகற்பத்துல 2024 கடைசியில எரிசக்தி ஆணையம் 4 இடத்துக்கு ஆள் கேட்டுச்சு, ஒவ்வொண்ணும் 100 மெகாவாட், நாலு மணி நேரம் தாங்கணும். உலகம் பூரா இந்த மாதிரி வேலைக்கு இன்னிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுதான் வருது, விலையும் நல்லா விழுந்திருக்கு. அந்த நாற்காலியில போய் உக்காரணும்னா பொட்டாசியம் அதை விட மலிவா, அதே ஆயுசோட வந்தாகணும். வரும், வராதுன்னு இன்னிக்குச் சொல்றவன் சாமியாடி. மோட்டார்ல மாட்டி சிரம்பான் போறதுக்கு மட்டும் அவனைக் கூப்பிடாதே, வண்டி திணறும்.

இப்போ காசு விஷயம். உன் மூஞ்சியைப் பார்த்தப்போவே தெரிஞ்சுது, நீ ரசாயனம் பேச வரலைன்னு. பொட்டாசியம் வீட்டு பேட்டரிக்கு எவனோ முன்பணம் கேக்குறான், ஏஜெண்டு ஆனா ஆளுக்கு இத்தனை கமிஷன்னு சொல்றான், நீயும் இபிஎஃப் மூணாவது கணக்குல கிடக்கிறதை வழிச்சு எடுக்கப் போறே. சரிதானே? தலையைக் குனியாதே, உங்க அப்பன் உன் வயசுல ஆட்டுக்குட்டித் திட்டத்துல கட்டுனவன். ரத்தம் எங்க போகும்?

அவனைப் பார்க்கப் போறப்போ உன் ஃபாக்டரி மூளையைக் கூட எடுத்துக்கிட்டுப் போ. குப்பியைக் கையில கொடுக்கச் சொல்லு, படத்துல காட்டுனா வேணாம். கிலோவுக்கு எத்தனை வாட் மணி நேரம்னு கேளு. எத்தனை தடவை ஏத்தி இறக்கின பிறகு நூத்துக்கு எத்தனை பங்கு மிஞ்சும்னு கேளு, அதுவும் நம்ம ஊர் வெயில்ல, குளிரூட்டுன ஆய்வுக்கூடத்துல இல்லை. குப்பி செஞ்ச ஃபாக்டரி எந்த ஊர்ல, சிரிம் சோதனைத் தாள் எங்கேன்னு கேளு. இதுக்கெல்லாம் பதில் சொல்லாம, "தம்பி, இது உலகத்தையே மாத்தப் போற சரக்கு"ன்னு அவன் ஆரம்பிச்சா, எழுந்து வந்துடு, அவன் வாங்கிக் கொடுத்த தேயைக் குடிச்சுட்டு. பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியல்ல அவன் கம்பெனி பேர் இருக்கான்னு வீட்டுக்கு வந்து பாரு. பட்டியல்ல பேர் இல்லைங்கிறதுக்காக நல்லவன்னு அர்த்தம் இல்லை, இன்னும் மாட்டலைன்னும் இருக்கலாம்.

நான் மொத்தமா வேணாம்னு சொல்லலை. பின்னால சொல்றேன்னு ஒண்ணு வச்சேனே, அது இதுதான். லித்தியம் வந்தாலும் சோடியம் வந்தாலும் தடியன் வந்தாலும் தகட்டுல பூசுறவன் வேணும், சுருட்டுறவன் வேணும், ஈரம் பார்க்கிறவன் வேணும், முதல் சார்ஜுல எந்தக் குப்பி கெட்டுதுன்னு பொறுக்குறவன் வேணும். படக்குழாய் போனப்போ மெஷின் புத்தகத்தைப் படிச்சு வச்சிருந்தவன் பேட்டரிப் பக்கம் ஏறிக்கிட்டான். பொத்தானை மட்டும் அமுக்குனவன் வீட்டுக்குப் போனான். நீ இப்போ ஒரு மெஷின்ல நிக்கிறே. பக்கத்து மெஷின்காரன் கிட்டப் போய் நில்லு, சூப்பர்வைசரு திட்டுனாலும் நில்லு. மாலைப் பொழுதுல மின்னியல் டிப்ளோமா எங்க இருக்குன்னு விசாரி. முன்பணம் கட்ட வச்சிருந்த காசு அதுக்குப் போதும், என் பேத்தி கணக்குப் போட்டுச் சொல்லுவா. பேத்தின்னதும் நிமிர்ந்து உக்காராதே, அவ உன்னை ஏற்கெனவே பார்த்துட்டா, ஒண்ணும் சொல்லலை.

முன்பணத்தை ஏற்கெனவே கட்டிட்டேன்னா அதையும் இப்போவே சொல்லிடு. 997-க்கு அடி, மோசடிப் புகார் வாங்குற நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறியோ அவ்வளவு நல்லது, நான் தே காசு கொடுத்துட்டு வர்றதுக்குள்ள அடி.